டிராகன் ஏன் காத்திருக்கிறது?

அக்கரைப்பற்றுத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ஸ்கைரிம் என்ற கேமில் தொண்ணூறு மணித்தியாலம் தாண்டிவிட்டாராம், மெயின் மிஷன் இன்னும் மூன்றாவதிலேயே நிற்கிறதாம். விட்சர் 3 என்ற கேமில் தொலைந்துபோன சிறி என்ற பெண்ணைத் தேட வேண்டியவர் ஊர் ஊராகச் சீட்டாடிக்கொண்டு திரிகிறாராம். ‘உலகத்தைத் திறந்துவிட்டால் கதை செத்துப்போகுமா அண்ணா, ரெண்டும் ஒன்றாகச் சேரவே சேராதா?’ என்பது கேள்வி. அதற்கு ஒரு வாலும் உண்டு: அவரும் இன்னும் மூன்று பேரும் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையை வைத்துச் சின்னதாக ஒரு ஓப்பன் வேர்ல்ட் கேம், அதாவது நினைத்த இடத்துக்கு நினைத்த நேரம் போகக்கூடிய கேம், செய்யத் தொடங்கியிருக்கிறார்களாம், அதற்கும் ஏதாவது சொல்ல வேண்டுமாம்.

சேரும் தம்பி. சேராமல் போன கேம்களை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் குற்றம் சுதந்திரத்தில் இல்லை, அவசரத்தில் இருக்கும். ஓடாத மணிக்கூட்டைச் சுவரில் மாட்டிவிட்டு ‘நேரமில்லை, ஓடு ஓடு’ என்று கதை கத்துகிறது. நாலு தரம் கத்தியதும் அது சும்மா கத்துகிறது என்று எமக்கு விளங்கிவிடுகிறது, அதன் பிறகு அந்தக் கதையை யார் மதிப்பார்கள்? இது எனக்கு எப்படி விளங்கியது என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

2010இல் தொடங்கி ஏழெட்டு வருடம் கல்லடியில் ஒரு கேம் கடை வைத்திருந்தேன். ஒன்பது கம்ப்யூட்டர், மணித்தியாலத்துக்கு 50 ரூபாய், பள்ளிக்கூடம் விட்ட நேரத்தில் கதிரை கிடைக்காது. ஓடுவது பெரும்பாலும் கிரிக்கெட், ஜிடிஏ, கவுண்டர் ஸ்ட்ரைக். ஸ்கைரிம் 2011 நவம்பரில் வெளியானது, அது எங்கள் கடைக்குள் எப்படி வந்து சேர்ந்தது என்று இப்போது தோண்ட வேண்டாம், வந்தது. சனிக்கிழமை ரியூசன் முடித்து வரும் பொடியன் ஒருவன் அதற்கென்றே இரண்டு மணித்தியாலம் உட்காருவான். இரண்டு மாதம் போனபின் ஒரு நாள் முறைப்பாட்டோடு வந்தான்: ‘அண்ணா, உங்கட கேம் பழுது. தொடக்கத்தில ஒரு டிராகன் வந்து ஊரையே கொளுத்திச்சு, மறுகா ஒண்டையும் காணல்ல.’

பழுது ஒன்றும் இல்லை. தொடக்கத்தில் ஹெல்கன் என்ற ஊரை எரிக்கும் அந்த ஒன்றைத் தவிர, நீங்கள் வைட்ரன் நகரத்துத் தலைவரிடம் போய்ச் செய்தி சொல்லி, அவர் கொடுக்கும் வேலையை முடித்து, பிறகு மேற்குக் காவல்கோபுரத்தில் முதல் டிராகனோடு சண்டை பிடிக்கும் வரை ஸ்கைரிமின் வானத்தில் வேறு டிராகன் சும்மா பறந்து வராது. இவன் வைட்ரன் பக்கமே போகவில்லை. ரிவர்வுட்டில் இருந்து தெற்கே இறங்கி, ஃபால்க்ரீத் காட்டுக்குள் மான் வேட்டையாடி, தோல் பதனிட்டு விற்று, நிம்மதியாகக் காசு சேர்த்துக்கொண்டிருந்தான். உலகத்தை அழிக்க வந்த பிராணிகள் இந்தப் பொடியன் வந்து கதவைத் தட்டட்டும் என்று எங்கேயோ குந்திக்கொண்டிருந்தன. நான் விஷயத்தைச் சொன்னதும் அவன் கேட்டான், ‘அப்ப நான் போகாட்டி ஒண்டும் நடக்காதா?’ நடக்காது என்றேன். ‘அப்ப போகல்ல’ என்று திரும்பவும் மானுக்குப் பின்னால் போய்விட்டான். ஒரு கதையாசிரியருக்கு இதைவிடப் பெரிய அடி என்ன இருக்கிறது?

அந்தக் கடையில் இன்னொன்றும் பார்த்தேன். வசனம் வந்தால் முக்கால்வாசிப் பேர் பட்டனை அமத்திக் கடந்துவிடுவார்கள், ஆங்கிலம் அவ்வளவு வேகமாக ஓடாது. ஆனால் கதை இல்லாமல் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கடைக்காரரின் தலையில் வாளியைக் கவிழ்த்துக் கண்ணை மறைத்துவிட்டுக் கடையையே சுருட்டியது, ரிவர்வுட்டில் ஒரு கோழியை அடித்ததற்கு ஊரே திரண்டு துரத்தியது, இராட்சதன் ஒருவன் தடியால் ஒரு போடு போட்டதில் ஆள் மேகம் வரைக்கும் பறந்தது, இவையெல்லாம் அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் பெரிய கதைகள். எழுதிக் கொடுத்த கதை ஒன்று, விளையாடும்போது தானாக விளைகிற கதை ஒன்று என்று ஓப்பன் வேர்ல்டில் எப்போதும் இரண்டு ஓடுகின்றன. மூன்றாவதும் உண்டு, இடமே சொல்கிற கதை. ஃபோல்அவுட் 3 இல் இடிந்த வீட்டுக்குள் போனால் கட்டிலில் அணைத்தபடி இரண்டு எலும்புக்கூடு கிடக்கும், அதற்கு எந்த மொழியும் தேவையில்லை. எங்கள் பொடியன்கள் அந்த இடத்தில் மட்டும் ஒரு கணம் நிற்பார்கள்.

சரி, அவசரத்துக்கு வருவோம். 2006இல் வந்த ஒப்லிவியனில் நரகத்தின் வாசல்கள் ஊர் ஊராகத் திறக்கின்றன, நீங்கள் ஆறு மாதம் பூப் பறித்து மருந்து காய்ச்சிக்கொண்டிருந்தாலும் எந்த நகரமும் விழாது. ஃபோல்அவுட் 4 இல் (2015) கண்முன்னே உங்கள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், பெற்றவர் வெளியே வந்து செய்கிற முதல் காரியம் வேலி கட்டித் தக்காளி நடுவது! நான் பகிடி பண்ணவில்லை, அந்தக் கேமே உங்களை அப்படித்தான் இழுக்கிறது. விட்சரில் உங்களுக்கு நடந்ததும் இதுதான். சிறியைக் கொலைகாரப் படை ஒன்று துரத்துகிறது, நீங்கள் க்வென்ட் என்ற சீட்டாட்டம் ஆடுகிறீர்கள், இரண்டுக்கும் நடுவில் நீங்கள் நடத்தும் நாயகன் ஜெரால்ட் என்ற அந்த மனிதர் பொய்யராகிவிடுகிறார். அது உங்கள் பிழை இல்லை, ஆடச் சொல்லிச் சீட்டை நீட்டியது அவர்கள்.

அப்போ உண்மையிலேயே ஓடுகிற மணிக்கூட்டை வைத்தால்? வைத்தார்கள். 1997இல் வந்த முதல் ஃபோல்அவுட்டில் நிலக்கீழ்க் குடியிருப்பின் தண்ணீர் இயந்திரத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் சிப் தேடி வர 150 நாள் தருவார்கள், முடிந்தால் முடிந்ததுதான், உள்ளே இருப்பவர்கள் தாகத்தில் போய்விடுவார்கள். (தண்ணீர் வியாபாரிகளுக்குக் காசு கொடுத்தால் தவணை இன்னும் 100 நாள் நீளும்.) கதை உயிரோடு நிற்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் தூரத்தில் ஒரு இடிந்த கட்டடம் தெரிந்தால் ‘என்ன இருக்கும்’ என்று கேட்க வேண்டிய மனம் ‘எத்தனை நாள் போகும்’ என்று கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடும். சுற்றிப் பார்ப்பது என்பது நேரத்தை வீணாக்கும் உரிமை. அந்த உரிமையை எடுத்துவிட்டால் உலகம் எவ்வளவு பெரிதாக இருந்தும் ஒழுங்கைதான்.

இந்தச் சிக்கலில் இருந்து மிகத் தந்திரமாக நழுவியது செல்டா, 2017இல் வந்த பிரெத் ஒஃப் த வைல்ட். அதில் பெரிய கதை நூறு வருடத்துக்கு முன்பே நடந்து, தோற்று, முடிந்துவிட்டது. நீங்கள் கண்விழிப்பது அதன் சாம்பலில். உங்களிடம் இருப்பது சில பழைய படங்கள், அந்த இடங்களைத் தேடிக் கண்டுபிடித்தால் ஒவ்வொரு ஞாபகமாகத் திரும்பி வரும். எந்த ஒழுங்கிலும் வரலாம், ஏனென்றால் ஞாபகம் யாருக்கும் வரிசையாக வருவதில்லை. தொடக்க மேட்டுநிலத்தில் நாலு சின்ன ஆலயத்தை முடித்துப் பறக்கும் துணி கைக்கு வந்ததும் நேரே கடைசி எதிரியிடமே போகலாம், அரை மணித்தியாலத்துக்குள் முழுக் கேமையும் முடிப்பவர்கள் இருக்கிறார்கள். அது இவ்வளவு காலம் ஏன் காத்திருந்தது என்று யாரும் கேட்பதில்லை, இளவரசி நூறு வருடமாக அதைப் பிடித்து அடக்கி வைத்திருக்கிறாள் என்று கதையே முதலில் காரணம் சொல்லிவிட்டது. காத்திருப்பதற்கு ஒரு காரணம், அவ்வளவுதான் தேவை. ஆனால் 2023இல் வந்த அடுத்த பாகத்தில் அதே ஆட்கள் அதே உத்தியில் வழுக்கினார்கள். அங்கும் துண்டு துண்டாகக் கதையைத் தேடி எடுக்க வேண்டும், ஆனால் இந்த முறை ஊரே அந்த இளவரசி செல்டாவைத் தேடிக்கொண்டிருக்கிறது. முக்கியமான துண்டு உங்களுக்கு முன்கூட்டியே கிடைத்து அவளுக்கு என்ன நடந்தது என்று தெரிந்துவிட்டாலும் உங்கள் ஆள் வாயைத் திறக்க மாட்டார், ஊரார் தேடிக்கொண்டே இருப்பார்கள். எனக்குக் கன்னத்தில் ஒன்று போடலாம் போல இருந்தது.

இப்போது உங்களுக்கு உதவக்கூடிய ஒன்று, ஃபோல்அவுட் நியூ வேகாஸ், 2010. ஒப்சிடியன் கொம்பனி ஒன்றரை வருடத்தில் செய்து முடித்த கேம். உங்கள் தலையில் சுட்டுக் குழியில் போட்டுவிட்டு ஒருவன் போகிறான், நீங்கள் பிழைத்து எழும்புகிறீர்கள். அவனைத் தேட வேண்டும் என்ற சூடு இருக்கிறது, ஆனால் நாளைக்கே தேட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, பழி ஆறினாலும் பழிதானே. குட்ஸ்பிரிங்ஸ் என்ற அந்தச் சின்ன ஊரில் இருந்து பார்த்தால் வேகாஸின் வெளிச்சம் வடக்கே தெரியும். நேரே போகலாம், யாரும் கதவு போடவில்லை. ஆனால் அந்த ரோட்டில் கல்லுடைக்கிற இடத்தில் டெத்க்ளோ என்ற பயங்கரப் பிராணிகள் கூட்டமாக நிற்கும், ஒரு அடியில் ஆள் சரி. வழியில் இருக்கிற வேலையாட்கள் ‘அங்கால போகாதே’ என்றும் சொல்வார்கள். ஆகவே பெரும்பாலானோர் தெற்கே சுற்றி, பிரிம், நிப்டன், நோவாக் என்று ஒவ்வொரு ஊராகக் கடந்து வருவார்கள், அந்தச் சுற்று வழியில்தான் நாட்டின் அரசியல் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் காதில் விழும். எங்களுக்கு இது புதிதா என்ன? படுவான்கரையில் பின்னேரம் புறப்படுகிறவனிடம் ‘ஆறு மணிக்கு மறுகா அந்த ரோட்டால போகாதீங்க, யானை நிக்கும், இங்கால சுத்திப் போங்க’ என்று தேத்தண்ணிக் கடையில் சொல்வார்களே, அதேதான். வழியை அடைக்கவில்லை, வழிக்கு ஒரு விலை வைத்தார்கள். அந்த விலையைக் கொடுக்கத் துணிந்து பதுங்கிப் பதுங்கி வடக்கே போய்விட்ட பொடியன் ஒருவனும் கடையில் இருந்தான், அவன் அந்தப் பயணத்தை ஒரு கிழமை சொல்லிக்கொண்டு திரிந்தான்.

நியூ வேகாஸில் இன்னொரு கெட்டித்தனம். ஏறக்குறைய யாரை வேண்டுமென்றாலும் கொல்லலாம், பெரிய தலைகளையும்தான். அப்படியென்றால் கதை அறுந்துவிடாதா? அதற்காகவே யெஸ் மேன் என்று ஒரு சிரித்த முக ரோபோ வைத்திருக்கிறார்கள், அதை உடைத்தால் வேறொரு உடம்புக்குள் ஏறி அதே சிரிப்போடு திரும்ப வரும். எல்லாரையும் பகைத்துக்கொண்டவனுக்கும் முடிவு வரைக்கும் ஒரு வழி மிச்சம். ஸ்கைரிமில் இதே பிரச்சினைக்கு என்ன வைத்தியம் தெரியுமா, முக்கியமான ஆளை வெட்டினால் முழங்காலில் விழுந்து கொஞ்சம் இளைத்துவிட்டு எழும்பி நிற்பார். முதலாவது கதைக்குள்ளேயே கட்டிய பாலம், இரண்டாவது ஒட்டுப் போட்ட டியூப்.

ஸ்கைரிமின் மூத்த அண்ணன் மோரோவிண்ட் (2002) இதில் இன்னும் நேர்மையானது. முக்கியமானவரை நீங்கள் கொன்றால், விதியின் நூல் அறுந்தது, சேமித்து வைத்த பழைய இடத்துக்குப் போ அல்லது நீ கெடுத்த உலகத்திலேயே இருந்து பார் என்ற கருத்தில் ஒரு செய்தி வரும், அவ்வளவுதான். இருந்து பார்க்கலாம், தேடித் திரிந்தால் குறுக்கு வழியில் கதையை முடிக்கவும் ஒரு வாய்ப்பு ஒளித்து வைத்திருக்கிறார்கள். அவசரம் பற்றிச் சொன்னேனே, மோரோவிண்டில் உங்களுக்கு வேலை கொடுக்கும் கையஸ் என்ற கிழட்டு உளவாளி தொடக்கத்திலேயே, நீ இன்னும் பச்சைப் பிள்ளை, போய் ஏதாவது சங்கத்தில் சேர், நாலு வேலை செய்து அனுபவம் எடுத்து வா என்று அனுப்பிவிடுவார். கதையே உங்களை ஊர் சுற்ற அனுப்புகிறது! இதை எழுத ஒரு நிமிடம்கூடப் போயிருக்காது, ஆனால் நூறு மணித்தியாலத்துக்கு ஜெரால்டின் பொய் இல்லாமல் விளையாடலாம்.

போக வேண்டிய இடத்தைக் காட்டும் அம்புக்குறியும் மோரோவிண்டில் இல்லை. இன்ன ஊரில் இருந்து தெற்கே போ, பாலத்தைக் கடந்ததும் பிரிகிற வழியில் இடப்பக்கம் பிடி, பெரிய பாறை தெரியும் என்று ஆட்கள் சொல்வதைக் குறிப்பேட்டில் பார்த்துப் பார்த்துத்தான் போக வேண்டும். சில இடத்தில் சொன்ன வழியே பிழையாகவும் இருக்கும், அந்தக் கோபமும் எனக்குப் பிடிக்கும். நான் சின்ன வயதில் மண்டூருக்குப் போனபோது வழி கேட்டது இப்படித்தான். குருமண்வெளித் துறையில் ‘பாதையால இறங்கி நேரா போங்க, வாய்க்கால் ஒண்டு வரும், அதக் கடந்தா வட்டைக்குள்ள வாடி ஒண்டு தெரியும், அங்கால மூணாவது வரம்பு’ என்று ஒருவர் சொன்னார். (வெளியூர்க்காரருக்கு: எங்கள் வாவியில் ‘பாதை’ என்றால் ஆளையும் வண்டியையும் ஏற்றி அக்கரை கொண்டுபோகும் மிதவை, ‘வட்டை’ என்றால் வயல்வெளி, ‘வாடி’ என்றால் அதில் தங்கும் குடில்.) அந்த ஒரு வாக்கியத்துக்குள் வாய்க்கால், வட்டை, வாடி, வரம்பு என்று ஒரு ஊரின் வாழ்க்கையே இருக்கிறது. போனில் நீலக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போனால் போய்ச் சேர்வேன், ஆனால் எதையும் பார்த்திருக்க மாட்டேன். ஸ்கைரிமில் அம்புக்குறியை நிறுத்திவிட்டு விளையாடிப் பாருங்கள், பல மிஷனைச் செய்யவே முடியாது, ஏனென்றால் அங்கே யாரும் வழி சொல்வதில்லை, இடத்தைச் சொல்லாமல் அம்புக்குறியை நம்பியே வசனம் எழுதியிருக்கிறார்கள். அம்புக்குறி பிறகு சேர்த்த வசதி இல்லை, எழுத்தையே தின்றுவிட்ட வசதி.

மோரோவிண்டைப் பற்றி நான் நிறுத்தாமல் கதைப்பேன், ஆகவே இன்னும் ஒன்றே ஒன்று. சிவப்பு மலையில் பழங்காலத்தில் என்ன நடந்தது, தலைவனை யார் கொன்றார்கள் என்பதுதான் கதையின் முடிச்சு. கோயில்காரர் ஒரு மாதிரிச் சொல்வார்கள், நாடோடிக் குடிகள் வேறு மாதிரி, சம்பந்தப்பட்டவர்கள் இன்னொரு மாதிரி, கடைசி வரை தீர்ப்பு கிடையாது. சுற்றச் சுற்ற உங்களுக்குக் கிடைப்பது இன்னும் ஒரு வாக்குமூலம். ஒரே அம்மனுக்கு ஊருக்கொரு வரலாறு கேட்டு வளர்ந்த எங்களுக்கு இது எவ்வளவு இயல்பு! சுற்றுவதும் கதை கேட்பதும் இங்கே ஒரே வேலையாகிவிடுகிறது.

ஒப்லிவியனின் இன்னொரு பாவத்தையும் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. உங்கள் லெவல் ஏற ஏற உலகம் முழுவதும் கூடவே ஏறும். கடைசியில் ரோட்டுக் கள்ளனும் விலைமதிப்பற்ற கண்ணாடிக் கவசம் போட்டுக்கொண்டு வந்து நூறு காசு கேட்பான். எங்கும் போகலாம், ஆனால் எங்கு போனாலும் ஒன்றுதான் என்றால் அங்கே போவதில் என்ன இருக்கிறது?

எல்டன் ரிங் இதற்கு நேர் எதிர். 2022 பெப்ரவரி 25 வெளியானது, எங்கள் நாட்டில் கரண்ட் வெட்டு உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்த காலம், அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். நான் அட்டவணையைப் பார்த்து விடியப்புறம் எழும்பி விளையாடினேன். அதில் ஏரிக்கரை இடிபாட்டுக்குள் ஒரு பெட்டியைத் திறந்தால் புகை வந்து மூடி, உலகத்தின் பயங்கரமான மூலை ஒன்றில் கொண்டுபோய்ப் போட்டுவிடும். அங்கே விழுந்த அடுத்த நிமிடம் கரண்ட் போனது, அடுத்த நாள் வரைக்கும் அதே பயத்தோடு இருந்தேன். பிறகொரு நாள் காட்டுக்குள் ஒரு கிணற்று லிஃப்ட். இறங்குகிறது, இறங்குகிறது, இவ்வளவு ஆழமா என்று யோசிக்கும்போது கீழே நட்சத்திரங்கள் நிறைந்த ஒரு வானம். யாரும் என்னை அங்கே போகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது ஒரு அழகான படம், சொல்லாததால் அது என்னுடையது.

ஆனால் அதன் கதைசொல்லலைத் தலையில் வைத்து ஆடுகிறவர்களோடு எனக்குக் கொஞ்சம் சண்டை. ஆட்கள் அரைகுறையாக ஏதோ சொல்லிவிட்டுக் காணாமல் போவார்கள், எங்கே போனார்கள் என்று எந்தக் குறிப்பும் இருக்காது. கரண்ட் இல்லாமல் நாலு நாள் இடைவெளி விட்டால் யார் யாரென்றே மறந்துவிடும். நான் சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்கி ஆள், இடம், சொன்னது என்று கோடு போட்டு எழுதினேன், மனைவி ஏதோ சீட்டுக் கணக்கு என்று நினைத்திருந்தார். அதே மார்ச்சில் வந்த திருத்தத்தில் ஆட்களைச் சந்தித்த இடம் வரைபடத்தில் தெரியும்படி அவர்களே செய்துவிட்டார்கள். மர்மம் வேறு, மறதி வேறு.

விட்சர் 3 ஐ மேலே திட்டினேன், அதற்கு ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். அதன் பெரிய கதைதான் பொய்யான அவசரத்தில் தவிக்கிறது, வெலன் சதுப்புநிலத்துச் சின்னக் கதைகள் அப்படியில்லை. குடியால் குடும்பத்தைக் கெடுத்த ‘பாரன்’ என்ற அந்த ஊர்ப் பிரபுவின் கதை, அதோடு தொடர்பான மலைமரத்து ஆவியின் கதை, இரண்டும் அந்த மண்ணுக்குள்ளேயே தொடங்கி அந்த மண்ணுக்குள்ளேயே முடிகின்றன. கதை அனுப்ப முன்பே சும்மா சுற்றித் திரிந்து அந்தக் குன்றில் போய் நிற்கவும் முடியும், அங்கே அந்த ஆவியை விடுவிக்கிறீர்களா கொல்கிறீர்களா என்பது அநாதைப் பிள்ளைகள் வரைக்கும், பாரனின் வீடு வரைக்கும் போய்த் தாக்கும். வரைபடத்தில் கடலுக்குள் கிடக்கும் ஏராளமான கேள்விக்குறிகளை மட்டும் மறந்துவிடுங்கள், ஸ்கெலிகேயில் அவற்றுக்குப் பின்னால் படகோட்டிப் போய் நான் மிதக்கும் பீப்பாயைத் தவிர வேறென்ன கண்டேன்?

சின்னக் கதை என்றதும் எனக்குக் கூத்துதான் ஞாபகம் வரும். வட்டக்களரியைச் சுற்றிப் பாய் விரித்து உட்கார்ந்தால் விடிய விடிய ஆட்டம். யார் முழுக்கப் பார்த்தார்கள்? நடுவில் கச்சான் வாங்கப் போவோம், அம்மாவின் மடியில் நித்திரையாவோம், ‘டேய் எழும்பு, வீமன்ட வரவு’ என்று தட்டி எழுப்புவார்கள், கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்ப்போம். ஒன்றும் குழம்பாது. கதை எல்லாருக்கும் முன்பே தெரியும், அது ஒரு காரணம். மற்றது, ஒவ்வொரு பாத்திரமும் வரும்போது தன் வரவுப் பாட்டோடு, தன் ஆட்டத்தோடு, தான் யாரென்று சொல்லிக்கொண்டே வரும், நீங்கள் எந்த நேரம் கண்விழித்தாலும் களரியில் நிற்பவன் யாரென்று தெரியும். ஓப்பன் வேர்ல்ட் எழுதுகிறவனுக்கு இருக்கிற பிரச்சினை அப்படியே இதுதான்: ஆள் எந்த வாசலால், எந்த நேரத்தில், எதை மறந்துவிட்டு வருவான் என்று தெரியாது. படத்துக்கு எழுதுவது போல இரண்டரை மணித்தியாலம் கதிரையில் கட்டிவைத்து எழுதினால் சரிவராது. கூத்துப் பழக்குகிற அண்ணாவியாருக்கு எழுதிக் கொடுக்கிறேன் என்று நினைத்து எழுதினால் பாதிப் பிரச்சினை தீரும்.

இனி உங்கள் கேம். முதலில், பெரிதாகச் செய்யாதீர்கள். 1996இல் வந்த டாகர்ஃபாலின் நிலப்பரப்பு இரண்டு இலங்கையைத் தாண்டும், ஊரும் குகையுமாக ஆயிரக்கணக்கில் கம்ப்யூட்டரே உருட்டித் தள்ளியது, பத்து ஊர் பார்த்தால் மிச்சம் எல்லாம் அதே ஊர்தான். அதன் அடுத்த பாகமான மோரோவிண்ட் சுமார் 25 சதுர கிலோமீற்றர், கையால் வைத்த கற்கள், அதை இன்றைக்கும் ஆட்கள் வழி தெரிந்து நடக்கிறார்கள். நீங்கள் நாலு பேர். ஒரு துறை, ஒரு பாதை, அக்கரையில் ஒரு வட்டை, ஒரு குளக்கட்டு, நாலைந்து வீடு போதும்.

வாவி உங்களுக்குக் கிடைத்த பெரிய வரம், அதை விடாதீர்கள். செல்டா செய்தவர்கள் 2017இல் ஜப்பானில் நடந்த ஒரு மாநாட்டில், தங்கள் மலைகளை முக்கோணமாக வைத்த காரணத்தை விளக்கியிருந்தார்கள்: ஏறுவதா சுற்றுவதா என்று ஆள் தானே முடிவெடுக்க வேண்டும், பின்னால் இருப்பது மறைந்தும் இருக்க வேண்டும். எங்களிடம் மலை இல்லை, தண்ணீர் இருக்கிறது. கிழக்குப் பக்கத்து எழுவான்கரையில் நின்றால் அக்கரை விளக்கு தெரியும், ஆனால் உடனே போக முடியாது, பாதை வரும் வரைக்கும் நிற்க வேண்டும், அல்லது தோணிக்காரரைப் பிடிக்க வேண்டும், அல்லது பாலம் இருக்கிற இடம் வரைக்கும் சுற்ற வேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் வந்த பிறகு அந்தக் காத்திருப்பு பலருக்கு இல்லாமல் போய்விட்டது, மக்களுக்கு அது நல்லதுதான், உங்கள் கேமில் மட்டும் காலத்தைக் கொஞ்சம் பின்னுக்கு வையுங்கள். பாதை வரும் வரை துறையில் நிற்கிற பத்து நிமிடத்தில் கூட நிற்பவர்கள் கதைப்பார்களே, வழியும் யானையும் பகையும் எல்லாம் அந்தப் பேச்சிலேயே வந்துவிடும். அம்புக்குறி வைக்க வேண்டிய வேலையே இல்லை.

நீங்கள் அனுப்பிய சுருக்கத்தில் நாயகனின் தங்கை கடத்தப்படுகிறாள் என்று இருந்தது. வேண்டாம். அவளைக் கடத்திவிட்டால் எந்த அண்ணன் மீன் பிடிப்பான், எந்த அண்ணன் கூத்துப் பார்க்க நிற்பான்? வேறொன்று யோசியுங்கள். முப்பது வருடத்துக்கு முன் அக்கரையில் விட்டுவந்த ஒரு வீடு, அதன் காணி உறுதி யாரிடம் இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியாது, ஊரில் மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். முடிய வேண்டியது எல்லாம் முன்பே முடிந்துவிட்டது, இனி கேட்டுத் திரிய வேண்டியதுதான். அவசரம் கட்டாயம் வேண்டுமென்றால் சின்னதாக, உண்மையாக வையுங்கள்: அறுவடை முடிந்தால் வாடியில் இருந்த கிழவர் ஊருக்குப் போய்விடுவார், அவர் சொல்ல இருந்ததும் அவரோடு போகும். அதைத் தவறவிட்டாலும் கேம் நிற்கக் கூடாது, வேறொருவர் வேறு மாதிரிச் சொல்லட்டும்.

விளையாடிப் பார்க்க என்று கேட்டால், நியூ வேகாஸும் மோரோவிண்டும் பழைய லெப்டொப்பிலும் ஓடும். மோரோவிண்டுக்கு ஓபன்எம்டபிள்யூ என்று இலவசமாக ஒரு எஞ்சின் இருக்கிறது, மூலக் கேமை வாங்கி அதில் ஓட்டினால் கரைச்சல் குறைவு. டாகர்ஃபாலை 2009இலேயே இலவசமாக விட்டுவிட்டார்கள், எப்படிச் செய்யக் கூடாது என்று பார்க்கவாவது இரண்டு மணித்தியாலம் சுற்றுங்கள். ஸ்கைரிமை அழிக்க வேண்டாம், தொண்ணூறு மணித்தியாலம் சும்மா போகவில்லை, அந்த மெயின் மிஷனை இன்னும் அப்படியே விடுங்கள், டிராகன் எங்கேயும் போகாது. உங்கள் வரைபடம் முடிந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். கேள்விக்குறி ஏதாவது போட்டிருந்தால் அழித்துவிட்டு அனுப்புங்கள்.